ஒருவருக்கும் கெடுதி செய்யாதவன்

"நான் யாருக்கும் ஒரு கெடுதியும் செய்ததில்லை." இந்த வார்த்தையைக் கேளாத திண்ணை நம் பங்கில் இராது. பூசைக்கு வருவதில்லையே என்று கேட்டால் இதுதான் பதில். கூடப் பிறந்த தம்பியோடு பேச்சுவார்த்தை நின்று எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டாலும் இதே பதில். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் வழியில், என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைச் சொறிகிறவர்களும் மனத்துக்குள் இதையே சொல்லிக்கொள்ளுகிறார்கள். சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்லுகிறவர்கள் அல்ல. உண்மையாகவே அவர்கள் திருடினதில்லை, அடித்ததில்லை, பிறர் குடியைக் கெடுத்ததில்லை.

இதை அற்பமென்று தள்ளிவிடக்கூடாது. பத்துக் கற்பனைகளில் மூன்றாவதும் நான்காவதும் நீங்கலாக மற்றவை "செய்யாதே" என்ற வடிவில்தான் இருக்கின்றன. கோள் சொல்லாமலும், கடன் வாங்கி ஏமாற்றாமலும், அயலான் வரப்பை வெட்டாமலும் எழுபது வயதுவரை வாழ்ந்து முடிப்பது இலகுவான காரியமல்ல. அப்படி வாழ்ந்த மனிதன் ஒருவன் தெருவில் இருந்தால் அந்தத் தெருவுக்கே ஒரு காவல். ஆனாலும் கேள்வி அதுவல்ல. கெடுதி செய்யாதிருப்பது மட்டும் ஒரு மனிதனுடைய ஜீவியத்துக்குப் போதுமா? சர்வேசுரன் நம்மை உண்டாக்கினது இதற்காகத்தானா?

நம் ஆண்டவர் சொன்ன உவமைகளில் இந்தக் கேள்விக்கு நேராக வந்து நிற்பது தாலந்து உவமை (அர்ச். மத்தேயு 25-ம் அதிகாரம்). எஜமான் தூரதேசம் போகிறான். ஊழியர் மூவரிடம் தன் சொத்தை ஒப்படைக்கிறான். ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைக்கிறான். நாமெல்லாரும் சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போன கதை. ஆகையால் அதில் கவனிக்காமல் விட்ட சில விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, அந்த ஒரு தாலந்து கொஞ்சப் பணமல்ல. ஐந்துக்கும் இரண்டுக்கும் பக்கத்தில் நிற்பதால் நமக்கு அது ஏழையின் பங்குபோல் தோன்றுகிறது. தாலந்து என்பது நாணயமல்ல, ஒரு நிறை. ஊருக்கு ஊர் அந்த நிறை வித்தியாசப்பட்டாலும், வெள்ளியில் கணக்கிட்டால் ஒரு தாலந்து 6000 தெனாரியத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி; திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையிலும் அதே கூலிதான் பேசி முடிக்கப்படுகிறது. ஓய்வுநாளையும் திருநாட்களையும் கழித்து வருஷத்துக்கு 300 வேலைநாள் என்று வைத்தால், ஒரு தாலந்து இருபது வருஷத்து உழைப்பு! "எனக்கு என்ன இருக்கிறது? நான் படித்தவனா, பணக்காரனா?" என்று நாம் கையை விரிக்கும்போது இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரவேண்டும். எஜமான் கொடுத்தவற்றுள் மிகக் குறைந்தது இருபது வருஷத்துக் கூலி.

இரண்டாவது, புதைத்தவன் அந்தக் காலத்து வழக்கத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்துவிடவில்லை. யூதர்களுடைய தால்மூத் என்னும் பெரிய சட்ட நூலில், கி.பி. 3-ம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த சாமுவேல் என்ற சாஸ்திரியின் தீர்ப்பு ஒன்று உண்டு. அடைக்கலமாக வந்த பணத்துக்கு மண்ணைத் தவிர வேறு நம்பத்தக்க காவல் இல்லையென்பது அவர் கருத்து. அவர் நம் ஆண்டவருக்குப் பிற்பட்டவர் என்றாலும் ஜனங்களின் வழக்கம் பழமையானது. கி.பி. 70-ல் ரோமர் ஜெருசலேம் நகரத்தை அழித்தபின், சொந்தக்காரர் பூமிக்குள் ஒளித்து வைத்திருந்த பொன்னையும் வெள்ளியையும் தோண்டியெடுத்தார்கள் என்று சரித்திர ஆசிரியர் யோசேப்புஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே அந்த மூன்றாம் ஊழியன் ஊரார் கண்ணில் திருடனுமல்ல, மூடனுமல்ல, ஜாக்கிரதையுள்ளவன். நம்மூரிலே இருந்திருந்தால் கோவில் கணக்கை அவனிடம் ஒப்படைக்கலாமென்று யாராவது சிபாரிசு செய்திருப்பார்கள்.

அவன் ஒரு காசைக்கூட எடுக்கவில்லை. வாங்கினதை வாங்கினபடியே திருப்பிக் கொடுக்கிறான். யாருக்கும் ஒரு கெடுதியும் செய்யவில்லை. அப்படியிருந்தும் அவனைத்தான் வெளியே இருளில் தள்ளச் சொல்லுகிறார் ஆண்டவர். முதல் முதலாக இதைக் கேட்டவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். நாம் திடுக்கிடாததற்குக் காரணம், நாம் அவனை முன்னமே சோம்பேறி என்று தீர்மானித்து வைத்திருப்பதுதான்.

அவன் செய்யாமற் போனதற்குக் காரணம் என்ன? அவனே சொல்லுகிறான்: பயம். எஜமான் கடினமான மனிதன் என்று நினைத்தான். அதே எஜமானைப்பற்றி மற்ற இருவரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. பணம் கிடைத்த உடனே புறப்பட்டுவிட்டார்கள். இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறதென்பது என் எண்ணம். சர்வேசுரனைக் கணக்குப் பார்க்கும் ஆபீசராக மட்டும் நினைக்கிறவன், தப்பு வராமல் பார்த்துக்கொள்வதே பக்தி என்று முடிவு கட்டுகிறான். தப்பு வராமலிருக்க நிச்சயமான வழி ஒன்றும் செய்யாதிருப்பது. எழுதாதவன் எழுத்துப் பிழை விடுவதில்லை. சமைக்காதவள் கையில் சோறு குழைவதில்லை. சண்டையிட்ட உறவினரைச் சமாதானப்படுத்தப் போனால் இரண்டு பக்கத்திலும் திட்டு விழும். போகாதவனுக்குத் திட்டு இல்லை. பயத்தினால் நல்லவனாயிருப்பவன் நாளாவட்டத்தில் நன்மையற்றவனாய்ப் போய்விடுகிறான், அவனுக்கே தெரியாமல்.

எஜமான் அவனிடம் எதிர்பார்த்தது எவ்வளவு சொற்பம் என்பதையும் பாருங்கள். வியாபாரம் செய்யத் தைரியமில்லையென்றால் வட்டிக் கடைக்காரரிடமாவது போட்டு வைத்திருக்கலாமே என்கிறார். அதற்கு ஒரு நடை நடந்தால் போதும். குழி தோண்டுவதைவிடக் குறைந்த வேலை! நோயாளிக்குப் பணிவிடை செய்ய எனக்குத் தெரியாது என்கிறவர் ஒரு செம்பு கஞ்சி கொடுத்தனுப்பலாம். ஆறுதல் சொல்ல வாய் வராது என்கிறவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். உண்மையில், வாய் வராதவர்கள் உட்கார்ந்திருப்பதுதான் துக்க வீட்டில் அதிக உதவி.

சோம்பல் என்றவுடன் பாயில் படுத்திருக்கிறவனை நினைத்துக்கொள்ளுகிறோம். தலையான பாவங்கள் ஏழில் கடைசியாக நாம் மனப்பாடம் செய்த சோம்பல் அதுவல்ல. நாலாம் நூற்றாண்டில் எஜிப்து வனாந்தரத்தில் தவம் செய்த ஏவாகிரியுஸ் என்பவர் அதை மத்தியானப் பசாசு என்று அழைத்தார். அந்தப் பசாசு வந்தால் சூரியன் நகராததுபோல் தோன்றுமாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கத் தோன்றுமாம். யாராவது பேச வரமாட்டார்களா என்றிருக்குமாம். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இன்னும் ஆழமாகப் போய், தேவ நன்மையைக் குறித்தே மனம் சலிப்படைந்து துக்கப்படுவதுதான் அந்தச் சோம்பல் என்கிறார். ஆகையால் காலையிலிருந்து இரவுவரை ஓடியாடுகிறவனும் சோம்பேறியாயிருக்கக்கூடும். கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு ஊர் விஷயமெல்லாம் விசாரிக்கிற நம்மில் பலர், அடுத்த அறையில் இருக்கும் தாயாரை விசாரிப்பதில்லை. வேலைக்குக் குறைவில்லை, செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தவிர மற்றெல்லாம் நடக்கிறது.

இனி என்னைப்பற்றிய ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். பிறருடைய குற்றத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமல்ல.

பல வருஷங்களுக்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலம். எங்கள் தெருவின் கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். நான் புதிதாக அந்த ஊருக்கு வந்தபோது எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர். சாயங்காலங்களில் அவருடைய திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்போம். அரசியலில் அவரோடு எனக்கு ஒத்துப் போகாது, ஆனாலும் விரோதமில்லை. ஒரு நாள் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானார். முதல் வாரம் போய்ப் பார்த்தேன். அதன்பின் பரீட்சை வந்தது. பிறகு விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபின், இத்தனை நாள் போகாமலிருந்து இப்போது எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம் வந்துவிட்டது. "வருகிற ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம்" என்று என் மனைவியிடம் சொல்லுவேன். அப்படி எத்தனை ஞாயிறு சொன்னேனென்று எனக்குத் தெரியாது, அவள் எண்ணியிருக்கலாம். தினமும் இரண்டு தடவை அந்த வீட்டைக் கடந்து சைக்கிளில் போனேன். ஏழு மாதம் கழிந்து அவர் மரித்தார்.

அடக்கத்துக்கு முன்வரிசையில் நின்றேன். பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது அவருடைய மகள் என்னிடம் வந்தாள். கோபமாக அல்ல, மிகவும் பிரியமாகவே சொன்னாள்: "சார், அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். உங்க சைக்கிள் மணி கேட்டவுடனே, 'அதோ வாத்தியார் போகிறார், மணி எட்டேகால்' என்பார். சாயங்காலமும் அப்படித்தான். நீங்க போகிறதை வைத்துத்தான் அவருக்கு நேரம் தெரியும்."

நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல இருக்கிறது? அந்த ஏழு மாதத்தில் நான் பலமுறை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். பையன்களிடம் கோபித்தது, ஜெபத்தில் பராக்காயிருந்தது எல்லாம் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் என் நாவில் வரவில்லை. மறைத்ததாகவும் சொல்ல முடியாது. அது பாவமென்று என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, ஏனெனில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. செய்த பாவத்துக்கு ஓர் இடமும் நேரமும் உண்டு. செய்யாத பாவத்துக்கு அடையாளமே கிடையாது.

உடலைச் சார்ந்த இரக்கக் கிரியைகள் ஏழு என்று ஞான உபதேசத்தில் படிக்கிறோம். அவற்றில் ஆறு அர்ச். மத்தேயு சுவிசேஷத்தில் பொதுத் தீர்வையைப்பற்றிய இடத்தில் இருக்கின்றன. மரித்தோரை அடக்கம் செய்தல் என்ற ஏழாவது, தொபியாசின் முன்மாதிரிகையைப் பார்த்துச் சேர்க்கப்பட்டது. நான் ஏழாவதைச் சரியாகச் செய்தேன். நோயாளிகளைச் சந்திப்பது என்பதை விட்டுவிட்டேன். ஏழாவதற்கு ஊர் பார்க்கிறது. பாண்டும் மணியும் உண்டு. வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். மற்றதற்குச் சாட்சி படுக்கையில் கிடக்கிற ஒருவரும், அவர் காதில் விழுகிற சைக்கிள் மணியும்தான்.

அந்தப் பொதுத் தீர்வைப் பகுதியை அன்றிரவு எடுத்துப் படித்தேன். இடது பக்கத்தில் நிற்கிறவர்கள்மேல் சாட்டப்படும் குற்றங்களில் ஒன்றுகூட அவர்கள் செய்த செயலல்ல. கொலையும் களவும் அங்கே பேசப்படவே இல்லை. பசித்தவனுக்குக் கொடுக்கவில்லை, அந்நியனைச் சேர்த்துக்கொள்ளவில்லை, வியாதிக்காரனைப் பார்க்க வரவில்லை. எல்லாம் இல்லை, இல்லை என்றே போகிறது. இன்னொன்றும் உண்டு. அவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். நாங்கள் எப்போது உம்மைக் கண்டும் உதவாதிருந்தோம் என்று கேட்கிறார்கள். அந்த ஆச்சரியம் வேஷமல்லவென்று எனக்கு இப்போது தெரியும்.

ஜெரிக்கோ பாதை உவமையும் இப்படியே. ஜெருசலேம் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜெரிக்கோ கடல்மட்டத்துக்கும் கீழே சுமார் 250 மீட்டரில். இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம், வறண்ட மலையும் பள்ளமுமான வழி, கள்ளருக்கு வசதி. ஆனால் உவமையில் கள்ளரைப்பற்றி இரண்டாவது வார்த்தை இல்லை. அவர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் மனத்தில் நிற்பது ஒதுங்கிப்போன குருவும் லேவியனுமே. தேவாலய ஊழியத்துக்குத் தீட்டுப்பட்டுவிடும் என்று குரு பயந்திருக்கலாம் என்று சிலர் அவருக்குச் சாக்குச் சொல்வதுண்டு. ஆனால் அவர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. அதாவது ஜெருசலேமை விட்டுப் போகிறார். நானும் எட்டேகால் மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்றென்று சாக்குச் சொல்லலாம். சாயங்காலம் என்ன சொல்லுவேன்?

பூசையின் தொடக்கத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையில் முற்காலத்தில் நினைவு, சொல், செயல் என்ற மூன்றுமே இருந்தன. 1970-ல் வெளியான புதிய பூசைப் புத்தகத்தில் நாலாவதாகக் கடமையில் தவறுவதும் சேர்க்கப்பட்டது. அப்போஸ்தலராகிய அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தின் 4-ம் அதிகாரத்தில், நன்மை இன்னதென்று அறிந்தும் செய்யாதவனுக்கு அது பாவம் என்று முன்னமே போதித்திருந்ததை, திருச்சபை நம் வாயில் வைத்திருக்கிறது. ஞாயிறுதோறும் சொல்லுகிறோம். மார்பில் தட்டும் நேரம் வந்துவிடுவதால் அந்த வார்த்தையை அவசரமாகக் கடந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். அப்படியானால் உலகத்திலுள்ள எல்லா நன்மையையும் நானே செய்யவேண்டுமா? ஊரில் நூறு நோயாளி இருக்கிறார்கள், நான் ஒருத்தி, மூன்று பிள்ளைகளும் படுத்த மாமியாரும் எனக்கு இருக்கிறார்கள், என்று ஒரு தாயார் கேட்டால் என்ன சொல்வது? வேத சாஸ்திரிகள் இதற்குத் தெளிவான முறை வைத்திருக்கிறார்கள். விலக்குகின்ற கற்பனைகள் எப்போதும், ஒவ்வொரு நிமிஷமும் கட்டுப்படுத்தும். திருடாதிருக்க ஓய்வுநேரம் கிடையாது. ஏவுகின்ற கற்பனைகளோ எப்போதும் நம்மேல் இருந்தாலும், உரிய இடமும் காலமும் நேரும்போதே செயலில் கட்டுப்படுத்தும். அர்ச். தோமாஸ் இதைப் பல இடங்களில் விளக்குகிறார். உரிய இடம் எது, காலம் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் விவேகம் என்ற புண்ணியம் வேண்டும். எஜமானும் அவனவன் சக்திக்குத் தக்கதாகவே கொடுத்தான் என்று உவமையில் இருக்கிறது.

அர்ச். பிரான்சீஸ்கு சலேசியார் 1609-ல் வெளியிட்ட "பக்தி ஜீவியத்துக்கு முகவுரை" என்ற நூலிலும் இதையே வற்புறுத்துகிறார். மேற்றிராணியார் மடத்துச் சந்நியாசியைப்போல் ஏகாந்தத்தில் இருக்க விரும்பினாலும், குடும்பஸ்தர் கப்புச்சின் துறவியைப்போல் ஒன்றும் சேர்த்து வைக்காமலிருந்தாலும் அது பக்தியல்ல, கோணல் என்பது அவர் கருத்து. மூன்று பிள்ளைகளும் மாமியாரும் உள்ள அந்தத் தாயாரின் தாலந்து அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஊருக்கு உபகாரம் செய்கிறேன் என்று அவள் வெளியே சுற்றினால் அதுவும் ஒருவகைப் புதைப்புத்தான். தன் பங்கு எதுவென்று தெரிந்துகொண்டு அதைச் செய்கிறவளுக்கு, ஐந்து தாலந்துக்காரனுக்குக் கிடைத்த அதே புகழ்ச்சி கிடைக்கும். உவமையை எடுத்துப் பாருங்கள்: ஐந்தைப் பத்தாக்கினவனுக்கும் இரண்டை நாலாக்கினவனுக்கும் எஜமான் சொல்லுவது எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம்.

சீராக் ஆகமம் 29-ம் அதிகாரத்தில், சிநேகிதனுக்காக வெள்ளியை இழந்தாலும் இழக்கலாம், கல்லுக்கடியில் துருப்பிடிக்க விடவேண்டாம் என்ற புத்தி வருகிறது. சுமார் கி.மு. 180-ல் ஜெருசலேமிலிருந்த ஓர் ஆசிரியர் எழுதினது. அவருடைய பேரன் எஜிப்துக்குப் போய் அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். அந்தக் கிழவருக்கும் புதைத்து வைக்கிறவர்களைத் தெரிந்திருக்கிறது. வெள்ளி துருப்பிடிக்குமா என்று கேட்கவேண்டாம்; அவர் வெள்ளியைப்பற்றி மட்டும் பேசவில்லை.

இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது இன்று என்ன தப்புச் செய்தேன் என்று கேட்பதோடு, இன்று எனக்காக யார் காத்திருந்தார்கள் என்றும் கேட்கப் பழகினேன். முதல் சில மாதம் இந்தக் கேள்வி மிகவும் தொந்தரவாயிருந்தது. பதில் பெரும்பாலும் யாரோ பெரிய மனிதரல்ல. கடிதத்துக்குப் பதில் வராத அக்காள். கணக்குப் புரியாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். என்னவோ சொல்ல ஆரம்பித்து, நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காததால் நிறுத்திக்கொண்ட மனைவி. "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்லுவதில்லை. தவறிச் சொன்னால் என் பேத்தி மணியடிக்கிற மாதிரி விரலை ஆட்டுகிறாள். கதை அவளுக்கும் தெரியும்.

முதல் வெள்ளிக்கிழமைதோறும் பங்குச் சுவாமியார் நற்கருணை கொண்டுபோகிற வீடுகளின் ஜாபிதா ஒன்று மேடையறையில் இருக்கிறது. கோவிலுக்கு வரமுடியாத நம் பங்கு நோயாளிகளின் பெயரும் தெருவும் அதில் எழுதியிருக்கும். கேட்டால் காட்டுவார். போகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போவது நல்லது. அந்த நேரத்தில்தான் அவர்களுக்குப் பொழுது நகருவதில்லை.